மேப்பிள் குழாயை அணில் கடித்தால்: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கனடாவிலும் வடகிழக்கு அமெரிக்காவிலும் மேப்பிள் சாறு இறக்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு வானிலையில் தொடங்கி அணிலில் வந்து நிற்கும். பனையேறி பாளையில் கட்டிய கலயத்தை மரநாய் குடித்துவிட்டுப் போவது எப்படியோ, அப்படி இவர்களுக்கு அணில். ஒரு வித்தியாசம் உண்டு. மரநாய் குடித்தால் அந்த ஒரு கலயத்தோடு போயிற்று. அணில் கடிப்பது குழாயை. அந்தக் குழாயை நம்பி நூறு மரம் நிற்கிறது.

ஒன்டாரியோவில் நகரத்தை விட்டுத் தள்ளிக் கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் நிற்கும் மேப்பிள் மரங்களைப் பார்த்து ‘நாமும் பாகு காய்ச்சினால் என்ன’ என்று யோசிப்பவருக்கும், ஏற்கெனவே ஐம்பது மரத்தில் குழாய் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருப்பவருக்கும் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணிலை ஒழிக்கும் வழி இதில் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி விற்பவரை நம்பவும் வேண்டாம். ஓட்டை விழுந்த அன்றே அது எந்தக் குழாயில் என்று கண்டுபிடித்து, அங்கேயே நின்று சரிசெய்யத் தெரிந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. மிச்சத்துக்குத்தான் விலங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்.

குழாய் வேலை செய்யும் விதம்

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறும் நாட்களில்தான் சர்க்கரை மேப்பிள் மரம் சாறு விடும். அந்தச் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். உலகத்தின் மேப்பிள் பாகில் ஏறக்குறைய 70 சதவீதம் கியூபெக் மாகாணம் ஒன்றிலிருந்தே வருகிறது என்றால், அந்தக் காடுகளில் எவ்வளவு குழாய் ஓடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் மரத்துக்கு மரம் வாளி தொங்கியது. வெர்மான்ட்டைச் சேர்ந்த நெல்சன் கிரிக்ஸ் பிளாஸ்டிக் குழாய் முறைக்கு 1959ல் காப்புரிமை வாங்கிய பிறகு வாளி மெல்ல மெல்ல வேடிக்கைப் பொருளாகிவிட்டது. இன்றைய அமைப்பு இப்படி: மரத்தில் போட்ட சிறு துளையில் ஸ்பவுட் செருகியிருக்கும். அதிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குகுழாய் இறங்கி, ‘டீ’ இணைப்பு வழியாகக் கிளைக்குழாயில் சேரும். தொங்குகுழாயும் கிளைக்குழாயும் 5/16 அங்குலம். கிளைகளெல்லாம் முக்கால் அங்குலமோ அதற்கு மேலோ உள்ள மெயின் லைனில் போய் விழும். மெயின் லைன் தொய்யாமல் இருக்க, இழுத்துக் கட்டிய உறுதியான கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அடிவாரத்தில் தொட்டியும் வேக்யூம் பம்ப்பும் இருக்கும்.

விலங்குச் சேதம் வலிப்பது இந்த வேக்யூமால்தான். நல்ல அமைப்பில் கேஜ் 25 அங்குலப் பாதரசத்துக்கு மேல் காட்டும். ஒரு அங்குலம் கூடினால் சாறு 5 முதல் 7 சதவீதம் கூடும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் ஐந்து அங்குலம் இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பம்ப் வாங்கும்போது நூறு துளைக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி காற்று என்ற அளவில்தான் திறனைத் தேர்வு செய்கிறார்கள். பென்சில் முனையளவு ஓட்டைகள் நாலைந்து சேர்ந்தால் அந்தத் திறன் முழுவதும் வெளிக்காற்றை இழுப்பதிலேயே போய்விடும்.

இதைவிட மோசமான இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாது. வேக்யூம் இறங்கும்போது மரம் குழாயிலிருக்கும் சாற்றைத் துளைக்குள் திரும்ப இழுக்கும். அந்தச் சாற்றோடு பாக்டீரியாவும் உள்ளே போகும். மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் துளையைச் சுற்றிய திசுவை அடைத்துக்கொள்ளும். பருவம் முடிய மூன்று வாரம் இருக்கையிலேயே அந்தத் துளை வற்றிப் போவது இப்படித்தான். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையத்தில் உருவான ஒருவழி வால்வு ஸ்பவுட் இந்தத் திரும்பு ஓட்டத்தைக் குறைக்கும். அணில் அதிகமுள்ள காட்டில் அதற்குச் செலவழிப்பது வீண் இல்லை.

படி 1: யார் கடித்தது என்று பாருங்கள்

வெட்டி எறியுமுன் கடிபட்ட துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல்லின் தடம் ஆளைச் சொல்லிவிடும்.

அடுத்தடுத்து இரண்டிரண்டாக, நகக்கீறல் போன்ற மெல்லிய பள்ளங்கள், சுற்றிலும் பிளாஸ்டிக் துருவல் என்றால் அணில். செவ்வணில், சாம்பல் அணில், தரையில் ஓடும் சிப்மங்க் மூன்றும் இதைச் செய்யும். பெரும்பாலும் டீ இணைப்பு, ஸ்பவுட் கழுத்து, தொங்குகுழாயின் வளைவு ஆகிய இடங்களில்தான் கடிக்கும். உட்காரவும் பிடித்துக்கொள்ளவும் வசதியான இடம் அது. இதே மாதிரித் தடம் பட்டையாக, அணிலின் பல்லைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு அகலமாக இருந்தால் முள்ளம்பன்றி.

குழாய் நசுங்கி, நடுவில் வட்டமான ஓட்டை, எதிர்ப்புறமும் ஓட்டை, மெயின் லைன் கம்பியிலிருந்து பிய்ந்து தொங்குகிறது என்றால் கருங்கரடி. சின்ன சின்னக் குத்துகள் வரிசையாக, தரைக்கு அருகில், மென்று துப்பியது போல இருந்தால் கயோட்டி. பல் தடமே இல்லாமல் கிளைக்குழாய் டீயிலிருந்து உருவி, பனியில் குளம்புத் தடம் தெரிந்தால் மான் அல்லது மூஸ் நடந்து போயிருக்கிறது. அதற்குக் குழாய் என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. மரங்கொத்தி கொத்துவதும் உண்டு. அரிது, கவலைப்பட வேண்டியதில்லை.

அணில் ஏன் கடிக்கிறது? அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. தேய்க்க ஏதாவது வேண்டும். குழாயில் சர்க்கரை வாசம் இருக்கிறது. உப்புக்கும் அலையும், அதைப் பிறகு பார்ப்போம். செவ்வணிலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் 1992ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதை விவரிக்கிறது. செவ்வணில் மேப்பிள் பட்டையில் ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விடும். சாறு வழிந்து, நீர் காய்ந்து, சர்க்கரை மட்டும் பட்டையில் படிந்த பிறகு திரும்பி வந்து நக்கும். நாம் விறகு எரித்துச் செய்வதை அது வெயிலில் செய்துகொள்கிறது. இந்தத் தொழிலில் அது நமக்கு மூத்தது என்று வைத்துக்கொண்டால் கோபம் கொஞ்சம் குறையும்.

படி 2: தோள்பையைத் தயார் செய்யுங்கள்

பனிக்காலணி மாட்டிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் மேடு ஏறிய பிறகு ஒரு இணைப்பு குறைகிறது என்று திரும்பி வருவதைப் போல எரிச்சல் வேறில்லை. பையில் இருக்க வேண்டியவை:

- குழாயின் இரு முனைகளையும் கவ்வி நெருக்கிச் சேர்க்கும் இரட்டைக் கைப்பிடி இடுக்கி. மேப்பிள் சாமான் விற்கும் கடையில் மட்டும் கிடைக்கும். விலை கூடத்தான், ஆனால் இது இல்லாமல் இழுவிசையில் இருக்கும் கிளைக்குழாயைத் தனியாளாகச் சேர்க்க முடியாது.
- நேராக வெட்டும் குழாய்க் கத்தரி
- 5/16 குழாய் பத்து மீட்டர், நேர் இணைப்புகள் ஒரு கைப்பிடி, டீ, ஸ்பவுட்
- வீட்டிலேயே சேர்த்து முடித்த தொங்குகுழாய்கள் சில
- மெயின் லைனுக்கான இணைப்பு, துருப்பிடிக்காத கிளாம்ப், அதை முறுக்க ஸ்பானர்
- ஃபிளாஸ்க்கில் வெந்நீர்
- நிறமான அடையாள ரிப்பன், பென்சில், நோட்டு

இணைப்புகளைப் பொதுவான ஹார்டுவேர் கடையில் வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நீங்கள் தொடுவது உணவு. ஈயம் கலந்த பித்தளை இணைப்பில் சாறு ஓடக் கூடாது. உணவுத் தரம் என்று குறித்த பொருள்தான் வேண்டும்.

படி 3: ஓட்டையைத் தேடுங்கள்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். தேடத்தான் அரை நாள் ஆகும்.

தேடுதலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று மரத்தில் துளை போடுவதற்கு முன், ஜனவரி அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில். சாறு இல்லை, அவசரமும் இல்லை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கடித்தவை கண்ணுக்கே தெரியும்; தொங்குபவை, அறுந்தவை, நசுங்கியவை எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம். இரண்டாவது சுற்று பருவம் தொடங்கிய பின், பம்ப் ஓடிக்கொண்டு சாறும் இறங்கும் நாட்களில். இதுதான் கலை.

முதலில் பம்ப் அருகே உள்ள கேஜைப் பாருங்கள். முந்தைய நல்ல நாளில் என்ன காட்டியது என்று எழுதி வைத்திருந்தால்தான் இன்றைய எண்ணுக்கு அர்த்தம் உண்டு. குறைந்திருந்தால், ஒவ்வொரு மெயின் லைனிலும் பொருத்திய பால் வால்வை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது கேஜ் சடாரென்று ஏறுகிறதோ, கோளாறு அந்த லைனில். வால்வு பொருத்தாமல் அமைத்திருந்தால் அடுத்த கோடையில் செய்யும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். பெரிய தோட்டங்களில் லைனுக்கு லைன் சென்சார் வைத்து ஃபோனிலேயே பார்க்கிறார்கள். முந்நூறு துளைக்குள் இருப்பவருக்கு வால்வும் ஒரு ஜோடிக் காலும் போதும்.

இனி அந்த மெயின் லைனைப் பிடித்து மேலே நடங்கள். ஒவ்வொரு கிளைக்குழாயும் மெயின் லைனில் சேரும் இடத்தில் நின்று, குழாய்க்குள் ஓடும் சாற்றைப் பாருங்கள். நன்றாக அடைத்திருக்கும் கிளையில் சாறு சோம்பலாக நகரும். நடுவில் மரத்திலிருந்து வரும் வாயு சிறு குமிழாக எப்போதாவது போகும். ஓட்டை விழுந்த கிளையில் நீளமான காற்றுக் குமிழ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும்; அவற்றின் நடுவே சாறு துண்டு துண்டாக விரையும். அந்தக் கிளையைப் பிடித்து ஏறுங்கள். ஒவ்வொரு டீயிலும் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு டீ வரை குமிழ் ஓடுகிறது, அதைத் தாண்டினால் சாறு அமைதியாக இருக்கிறது என்றால், நீங்கள் தேடிய இடம் அந்த டீயும் அதில் தொங்கும் குழாயும்தான்.

காது வைத்துக் கேளுங்கள். காற்றில்லாத காலையில் ‘உஸ்’ என்ற சத்தம் ஓரிரு மீட்டரில் கேட்டுவிடும். குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிடுங்கள், குளிரும், பரவாயில்லை. சத்தம் கேட்கிறது, ஓட்டை தெரியவில்லை என்றால் விரலால் குழாயைச் சுற்றித் தடவுங்கள். ஓட்டையில் விரல் பட்டதும் உறிஞ்சிப் பிடிக்கும், சத்தம் நிற்கும்.

பம்ப் இல்லாமல் சரிவை மட்டும் நம்பி 3/16 அங்குலக் குழாய் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். அந்த மெல்லிய குழாயில் இறங்கும் சாற்றுத் தம்பமே தன் எடையால் வேக்யூமை உண்டாக்குகிறது. நடுவில் காற்று புகுந்தால் தம்பம் அறுந்துபோகும். அடிமுனையில் பெரிய குமிழ்கள் வந்துகொண்டே இருந்தால் மேலே போய்ப் பாருங்கள்.

கண்டுபிடித்த ஒவ்வொரு இடத்திலும் ரிப்பன் கட்டி நோட்டில் எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும். ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் போன்ற ஊசியிலை மரக் கூட்டத்தை ஒட்டிய கிளைகளில்தான் கடி அதிகம் விழும், ஏனென்றால் செவ்வணிலின் வீடும் சாப்பாடும் அங்கேதான். கூம்பை உரித்துத் தின்று ஒரே இடத்தில் போட்ட செதில் குவியல் அடிமரத்தில் கிடந்தால், அந்த இடம் செவ்வணிலின் எல்லைக்குள் என்று அர்த்தம். நேரம் குறைவான நாளில் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

படி 4: சரிசெய்யுங்கள்

கிளைக்குழாயில் கடி என்றால், இடுக்கியின் இரு தாடைகளாலும் கடிபட்ட இடத்துக்கு இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளுங்கள். கவ்வாமல் வெட்டினால் இழுவிசையில் இரண்டு முனையும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும். பிறகு மரத்துக்கு மரம் தளர்த்திக்கொண்டு போக வேண்டியதுதான். பல் தடம் முடிந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். ஓட்டை விழாவிட்டாலும் பாதி சுரண்டிய சுவர் அடுத்த உறைபனியில் விரியும், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வெட்டு நேராக இருக்கட்டும். சாய்ந்தால் இணைப்பின் ஒரு பக்கம் முழுதாக உள்ளே போகாது.

குளிரில் குழாய் விறைத்து நிற்கும். முனையை ஃபிளாஸ்க் வெந்நீரில் சில நொடி அமிழ்த்தினால் இளகும். நேர் இணைப்பின் முள் வரிசைகள் எல்லாம் மறையும் வரை செருகுங்கள். கடைசி வரிசை வெளியே தெரிந்தால் கசிவு நிச்சயம். இடுக்கியை நெருக்கினால் இரண்டு முனையும் தானாகச் சேரும். சேர்த்த பிறகு ஆற விட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெட்டிய துண்டு நீளம் என்றால் நடுவில் புதுக் குழாய் வைத்து இரண்டு இணைப்பு போடுங்கள். குழாய் எங்கும் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் சாறு தேங்கி இரவில் உறையும், காலையில் அந்தக் கிளை முழுவதும் தாமதமாக விழிக்கும்.

தொங்குகுழாயில் கடி என்றால் ஒட்டுப்போட வேண்டாம். ஸ்பவுட்டுக்கும் டீக்கும் நடுவில் உள்ள குழாயை மொத்தமாக மாற்றுங்கள். ஸ்பவுட்டையே கடித்திருந்தால் அதை மெதுவாகக் கழற்றி, அதே துளையில் புது ஸ்பவுட்டை இலேசாகத் தட்டிச் செருகுங்கள். பக்கத்தில் இன்னொரு துளை போடும் ஆசையை அடக்குங்கள். அந்த மரம் உங்களுக்கு இன்னும் ஐம்பது வருஷம் சாறு கொடுக்க வேண்டும்.

மெயின் லைனில் கரடி கடித்திருந்தால் நசுங்கிய பகுதி முழுவதையும் எடுத்துவிடுங்கள். வட்டம் திரும்பி வந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் இருக்கும். முனைகளை வெந்நீரில் இளக்கி, முள் இணைப்பைச் செருகி, பக்கத்துக்கு இரண்டு கிளாம்ப் வீதம் முறுக்குங்கள். பிய்ந்த கம்பிக் கட்டுகளை மறுபடி கட்டி, சரிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் லைனுக்கு குறைந்தது 2 சதவீதச் சரிவு வேண்டும். டேப் சுற்றுவது சாயங்காலம் வரை தாங்கும். அவ்வளவுதான்.

சரிசெய்த பின் கேஜுக்குத் திரும்புங்கள். எண் ஏறவில்லை என்றால் அந்த லைனில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. வழக்கமாக இருக்கும்.

படி 5: கடிக்கக் காரணத்தைக் குறையுங்கள்

உப்பிலிருந்து தொடங்குங்கள். குழாயைப் பிளீச் கரைசலால், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவும் பழக்கம் பலரிடம் இருந்தது. நீர் காய்ந்த பிறகு உப்புப் படிவு மிஞ்சும். குளிர்காலக் காட்டில் சோடியம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அணிலும் முள்ளம்பன்றியும் அதைத் தேடி வரும். முள்ளம்பன்றி கோடரிக் காம்பையே கடித்துப் பாழாக்குவது அதில் ஊறிய கை வியர்வைக்காகத்தான். ஆகவே பிளீச்சைத் தவிர்க்கலாம். பயன்படுத்தினால் நிறைய நல்ல நீரால் அலசுங்கள். குழாய் போடும்போதும் சரிசெய்யும்போதும் சுத்தமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் பருவ முடிவில் குழாய்க்குள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விடும் முறை பரவலாக இருக்கிறது. அதைச் செய்தால் அடுத்த பருவத்தின் முதல் சாற்றைத் தொட்டிக்கு விடாமல் வெளியே ஓடவிட வேண்டும்.

அடுத்தது தீனி. குழாய் ஓடும் பக்கத்தில் பறவைகளுக்குத் தானியம் வைக்காதீர்கள். ‘அணிலுக்குத் தனியாகத் தீனி போட்டால் குழாயை விட்டுவிடும்’ என்ற யோசனையை யாராவது சொல்வார்கள். பத்து அணில் இருபதாகும். காட்டில் பீச், ஓக் மரங்கள் அள்ளிக் காய்த்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அணில் பெருகியிருக்கும்; அந்த வருஷம் காய்ப்பு பொய்த்தால் பசித்த அணில்கள் உங்கள் குழாயில் ஏறும். இலையுதிர் காலத்தில் தரையில் கொட்டைகள் குறைவாகத் தெரிந்தால் இணைப்புகளைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

நம்மவர்களுக்கு முதலில் தோன்றுவது மிளகாய்த் தூள். அங்கேயும் மிளகாய்க் காரம் கலந்த தெளிப்பான்கள் விற்கிறார்கள். ஒரு மழையும் ஒரு பனியும் போதும் அதைக் கழுவ. அதற்குள் உங்கள் கையுறையில் ஒட்டி ஸ்பவுட்டுக்கும் சாற்றுக்கும் போய்விட்டால் 40 லிட்டருக்கு ஒன்றாகச் சுண்டும் பாகில் காரமும் சேர்ந்து சுண்டும். வேண்டாம். அல்ட்ராசானிக் கருவிகளுக்கும் திறந்த காட்டில் காசைக் கொட்ட வேண்டாம். இவற்றைவிட, காட்டில் தினமும் ஓடித் திரியும் ஒரு நாய் மேல்.

படி 6: கரடி, மான், மூஸ்

இவற்றோடு வாதம் செய்ய முடியாது, வழிவிடத்தான் வேண்டும். மானும் மூஸும் தலைமுறையாக ஒரே தடத்தில் நடப்பவை. உங்கள் கிளைக்குழாய் அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு வருஷமும் அறுபடும். முடிந்தால் குழாயின் போக்கை மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் நிறமான ரிப்பன்களைத் தொங்கவிடுங்கள். பருவம் முடிந்ததும் அந்தத் துண்டை மட்டும் கழற்றி வைக்கும்படி இணைப்பு கொடுங்கள். குழாயை உயர்த்திவிடலாமே என்று தோன்றும். சரிவுக் கணக்கு எல்லா இடத்திலும் அதற்கு இடம் கொடுக்காது. தவிர, ஒரு மீட்டர் பனி விழுந்த பிறகு மான் உங்கள் குழாயின் உயரத்திலேயே நடக்கும்.

கருங்கரடி பருவத்தின் நடுவே பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அது கடிப்பது வசந்தத்தில் குகையை விட்டு வந்த பிறகும், குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் இலையுதிர் காலத்திலும். அதனால்தான் ஜனவரிச் சுற்று முக்கியம். மின்வேலி மலை முழுக்கப் போட முடியாது. ஆனால் தொட்டியையும் பாகு காய்ச்சும் கொட்டகையையும் சுற்றிப் போடலாம். கரடிக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. கொட்டகையில் பாகு, குப்பை, நாய்த்தீனி எதையும் வெளியே வைக்காதீர்கள். கரடி திரும்பத் திரும்ப வந்தால் மாகாண அல்லது மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் இதற்கென்றே ‘பேர் வைஸ்’ என்ற திட்டம் இருக்கிறது.

பொறி, துப்பாக்கி, விஷம்: சட்டம் பார்க்காமல் தொடாதீர்கள்

விஷத்தை முதலில் தள்ளிவிடுவோம். விஷம் தின்ற அணிலை ஆந்தை தின்னும், பருந்து தின்னும், ஃபிஷர் என்ற மரவேட்டை விலங்கு தின்னும். உங்களுக்காக அணிலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். உணவு இறக்கும் காட்டில் விஷம் வைப்பது எப்படிப் பார்த்தாலும் தவறு.

பொறி வைப்பதும் சுடுவதும் இடத்துக்கு இடம், இனத்துக்கு இனம் மாறும். ஒன்டாரியோவில் 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொத்துக்குச் சேதம் செய்யும் சில விலங்குகளைக் கையாள நில உரிமையாளருக்கு இடம் தருகிறது. கூடவே நிபந்தனைகளும் வைக்கிறது. உயிரோடு பிடித்த விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். ‘ஊர் தாண்டி விட்டுவிட்டு வந்தேன்’ என்று பெருமையாகச் சொல்பவர் சட்டத்தை மீறியிருக்கிறார். மரங்கொத்தியைத் தொடவே கூடாது: கனடாவில் 1994 சட்டமும் அமெரிக்காவில் 1918 சட்டமும் வலசைப் பறவைகளைக் காக்கின்றன. உள்ளூர் அதிகாரியிடம் ஒரு ஃபோன் போட்டுக் கேட்ட பிறகு எதையும் செய்யுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், ஒரே கிளையைத் திரும்பத் திரும்பக் கடிக்கும் ஒன்றிரண்டு அணிலைச் சட்டப்படி அகற்றுவதில் பலன் உண்டு. மலை முழுக்க வேட்டையாடுவதில் இல்லை. காலியான எல்லைக்குள் அடுத்த செவ்வணில் குடியேறிவிடும்.

படி 7: பருவம் முடிந்த அன்று

மொட்டு விரிந்து சாறு கசக்கத் தொடங்கியதும் கடையைக் கட்டுகிறோம். அந்த வாரத்தில் சோம்பல்பட்டால் கோடை முழுவதும் அணிலுக்கு விருந்து. ஸ்பவுட்டுகளை எல்லாம் கழற்றுங்கள். மரம் காயத்தை ஆற்றிக்கொள்ள அது தேவை. குழாயில் மிஞ்சிய சாற்றைக் காற்றாலோ நீராலோ வெளியேற்றுங்கள். தேங்கிய சாறு புளித்து வாசம் வீசினால் அதுவே அழைப்பிதழ். கழற்றிய ஸ்பவுட்டை அதே டீயில் இருக்கும் மூடிக் குமிழில் மாட்டிவிடுங்கள். தரையில் தொங்கவிட்டால் அடுத்த ஜனவரியில் பாதிதான் கிடைக்கும்.

பிறகு நோட்டை எடுத்து எந்தக் கிளையில் எத்தனை ரிப்பன் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு இணைப்பும் கசிய வாய்ப்புள்ள இரண்டு இடம். ஒரே கிளைக்குழாயில் மரத்துக்கு ஒரு ஒட்டு என்ற நிலை வந்துவிட்டால் அதைச் சரிசெய்வதை நிறுத்துங்கள். முழுக் கிளையையும் அறுத்து எடுத்து, தொங்குகுழாய்களோடு சேர்த்துப் புதிதாக இழுங்கள். கோடையில், வெறுங்காலில் நடக்கும் தட்பவெப்பத்தில், குழாய் இளகியிருக்கும்போது அது ஒரு காலை வேலை. மார்ச் மாதப் பனியில் அது அப்படி இருக்காது.